ஆட்டுரல் குழியும் ஓம எண்ணெயும்: ஒரு மழைக்காலக் கொசுப்புழுச் சோதனை

மதுரையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பாட்டி காலத்து ஆட்டுரல் ஒன்று தரையோடு பதிந்து கிடக்கிறது. கிரைண்டர் வந்த பிறகு அதில் மாவு ஆட்டுவார் இல்லை; குழவியை எடுத்துச் சுவரோரம் சாய்த்துவிட்டதால் குழி மட்டும் திறந்தபடியே இருக்கிறது. ஐப்பசி மழை தொடங்கியதும் அதில் சுமார் மூன்று லிட்டர் நீர் தேங்கிவிடும். கல்லைக் கவிழ்க்க முடியாது. அடிப்பகுதி குறுகிச் செல்வதால் குவளையால் முழுவதும் மொண்டு எடுக்கவும் முடியாது. சென்ற ஆண்டு கார்த்திகையில் என் மகளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து, தட்டணுக்களின் எண்ணிக்கை ஏறியதா இறங்கியதா என்று ஐந்து நாட்கள் மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்துவிட்டு வீடு திரும்பிய அன்று மாலையே, டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். குழிக்குள் வெளிச்சம் பட்டதும், நீர்ப்பரப்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நெளிந்து அடிக்குப் போயின.

அன்றைக்கு நான் செய்தது, பழைய துணியைக் குழிக்குள் அமுக்கி நீரை உறிஞ்சிப் பிழிந்து காயவிட்டதுதான். அடுத்த மழைக்கே குழி மீண்டும் நிரம்பியது. அதிலிருந்து ஒரு வாரத்தில் மீண்டும் புழுக்கள். தேங்கிய நீரில் யூகலிப்டஸ் தைலமோ வேறு வாசனை எண்ணெயோ சில சொட்டுகள் விட்டால் போதும் என்று உறவினர்கள் பலர் சொன்னார்கள். நான் பள்ளியில் வேதியியல் கற்பிப்பவன். எத்தனை சொட்டு, எவ்வளவு நீருக்கு, எத்தனை நாளைக்கு என்ற மூன்று கேள்விகளுக்கும் சொன்னவர்கள் எவரிடமும் விடை இல்லாததால், அதை நானே அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். இந்தப் பதிவு அந்த அளவீட்டின் கதை.

முதலில், எந்தக் கொசுவின் புழு என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு கண்ணாடிக் குவளையில் சில புழுக்களை எடுத்து வெளிச்சத்தில் வைத்துக் கைலென்ஸ் வழியாகப் பார்த்தால் ஓரளவு பிரித்தறியலாம். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸின் புழுவுக்கு வால்பக்க மூச்சுக்குழல் இல்லை. அது நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும். சாக்கடைக் கொசுவான கியூலெக்ஸின் புழுவுக்கு அந்தக் குழல் நீண்டு மெலிந்திருக்கும். புழு சாய்வாகத் தொங்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸின் புழுவுக்குக் குழல் குட்டையாகவும் தடித்தும் இருக்கும். புழு ஏறக்குறைய நேர்குத்தாகத் தொங்கும். எங்கள் ஆட்டுரலில் இருந்தவை மூன்றாவது வகை. தெளிந்த சிறு நீர்நிலையைத் தேடி முட்டையிடும் கொசு என்பதால் இதில் வியப்பும் இல்லை.

எண்ணெய்களில் மூன்றைத் தேர்ந்தெடுத்தேன்: யூகலிப்டஸ், எலுமிச்சைப்புல், ஓமம். இவை ஆவியாகும் எண்ணெய்கள். நல்லெண்ணெய், வேப்பெண்ணெய் போன்று பிழிந்தெடுக்கும் எண்ணெய்களோடு இவற்றைச் சேர்க்கக் கூடாது. இந்த வேறுபாடு கலப்படத்தைக் கண்டுபிடிக்கவும் உதவியது. கடையில் வாங்கிய முதல் யூகலிப்டஸ் புட்டியிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு இரவு முழுவதும் வைத்தபோது, காலையில் தாளில் எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. தூய ஆவியெண்ணெய் ஏறக்குறைய முழுவதும் பறந்துவிட வேண்டும். கறை நின்றால் அதில் கனமான வேறு எண்ணெய் கலந்திருக்கிறது என்று பொருள். அந்தப் புட்டியை ஒதுக்கிவிட்டு வேறிடத்தில் வாங்கினேன். எலுமிச்சைப்புல் எண்ணெய் இந்தத் தாள் சோதனையில் முதல் முறையே தேறியது.

ஓம எண்ணெயை நானே வடித்தேன். ஓமத்தின் காரமான மணத்துக்குக் காரணமான தைமால், பூச்சிகளின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் பொருள். சித்த மருந்துக் கடைகளில் ஓம உப்பு என்று விற்பதும் அதுவே. வடிப்பதற்கு ஐந்து லிட்டர் பிரஷர் குக்கரில் இரண்டு லிட்டர் நீரை ஊற்றி, அதன்மேல் உயரமான வளையத்தில் துளையிட்ட இட்லித் தட்டை வைத்து, ஒன்றிரண்டாக இடித்த 250 கிராம் ஓமத்தை மெல்லிய துணியில் தளர்வாகக் கட்டித் தட்டில் பரப்பினேன். ஓமத்தை நேரடியாக நீரில் போட்டால் நுரைத்து எழும்பி ஆவித்துளையை அடைத்துவிடும்; அடைபட்ட குக்கர் வெடிக்கக் கூடியது என்பதால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சிறிதும் விட்டுக்கொடுக்கக் கூடாது. குக்கரின் வெயிட்டை எடுத்துவிட்டு, அந்தத் துளையில் ஒரு குழாயைப் பொருத்தி, மறுமுனையை ஒரு வாளி நீருக்குள் சுருளாகச் செல்லும் செம்புக் குழாயோடு இணைத்தேன். முதலில் பொருத்தியது சாதாரண ரப்பர் குழாய். கால் மணி நேரத்தில் அது பிசுபிசுத்து இளகி, வடிநீரில் ரப்பர் நாற்றம் ஏறிவிட்டது. அந்த ஓமம் வீண். சிலிகோன் குழாய் வாங்கி மாற்றிய பிறகே காரியம் ஒழுங்காக நடந்தது.

சிறு தீயில் இரண்டு மணி நேரம் வடித்ததில் அரை லிட்டருக்கும் சற்று அதிகமாக நீர் சேர்ந்தது. அதைக் குறுகிய கழுத்துள்ள கண்ணாடிப் புட்டியில் ஊற்றி அசையாமல் வைத்தபோது, இளமஞ்சள் நிறத்தில் ஒரு மெல்லிய படலம் மேலே வந்து கூடியது. ஊசியை நீக்கிய சிரிஞ்சால் அதை உறிஞ்சி அளந்தால் நான்கு மில்லிலிட்டர். வீடு முழுவதும் ஓமவாட்டர் மணம்; கிடைத்ததோ ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான எண்ணெய். இந்த நான்கு மில்லிலிட்டர் என்ற எண்ணைப் பின்னால் மீண்டும் எடுத்துக்கொள்வேன்.

எண்ணெயைக் கெடாமல் வைக்கலாம் என்று குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு இரண்டு நாள் கழித்து எடுத்தபோது, புட்டியின் அடியில் கற்கண்டுச் சில்லுகளைப் போலப் பளபளக்கும் படிகங்கள் கட்டியிருந்தன. குளிரில் பிரிந்து உறைந்த தைமால்தான் அது. கவனிக்காமல் மேலே இருந்த திரவத்தை மட்டும் உறிஞ்சியிருந்தால், ஓம எண்ணெய் என்ற பெயரில் அதன் முக்கியச் சரக்கைப் பெருமளவு விட்டுவிட்டு மிச்சத்தைச் சோதித்திருப்பேன். புட்டியை வெந்நீரில் நிறுத்திப் படிகம் முழுவதும் கரைந்து எண்ணெயோடு கலக்கும் வரை உருட்டிய பிறகே பயன்படுத்தினேன்.

புழுக்களை ஆட்டுரலிலிருந்து இங்க் ஃபில்லரால் எடுத்து, வெள்ளைப் பீங்கான் தட்டில் விட்டு, அளவில் ஒத்த, இருமுறை தோலுரித்து மூன்றாம் பருவத்தை எட்டிய புழுக்களை மட்டும் பிரித்தேன். கையின் நிழல் விழுந்தாலே அவை அடிக்கு ஓடுகின்றன. பொறுமையாக இருபது புழுக்களை எண்ணிச் சேர்க்க முதல் நாளில் அரை மணி நேரம் ஆனது. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி ஒரு கிண்ணத்துக்கு 25 புழுக்கள் வீதம், ஒவ்வோர் அளவுக்கும் குறைந்தது நான்கு கிண்ணங்கள் வைத்து, 24 மணி நேரம் கழித்து எண்ண வேண்டும். என்னிடம் அவ்வளவு புழுக்கள் சேராததால் கிண்ணத்துக்கு 20 வீதம் இரண்டிரண்டு கிண்ணங்கள் வைத்தேன். ஆகவே என் எண்களைத் தோராயமாகவே கொள்ள வேண்டும். கிண்ணங்கள் அனைத்தையும் கொசுவலைத் துணியால் கட்டினேன். சோதனை முடிந்ததும் மிஞ்சியவை எல்லாவற்றின்மீதும் கொதிநீரை ஊற்றினேன். வீட்டுக்குள் கொசு வளர்த்துவிட்டுப் பறக்கவிடுவது அண்டை வீட்டாருக்குச் செய்யும் தீங்கு.

முதல் சுற்று முழுவதும் பாழானது. அதில் நான் கற்றதே அதிகம். எண்ணெய் நீரில் கரையாது என்பதால், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டுச் சேர்த்துக் கலக்கினேன். எண்ணெய் இல்லாமல் அந்தத் திரவம் மட்டும் விட்ட ஒப்பீட்டுக் கிண்ணம் ஒன்றையும் வைத்திருந்தேன். மறுநாள் காலையில் எண்ணெய்க் கிண்ணங்களில் எல்லாம் புழுக்கள் செத்துக் கிடந்தன. மகிழ்ச்சியோடு ஒப்பீட்டுக் கிண்ணத்தைப் பார்த்தால், அதிலும் இருபதில் பதின்மூன்று இறந்திருந்தன. சோப்புத் திரவம் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுவதால், புழு தன் மூச்சுக்குழலை மேற்பரப்பில் பதித்துத் தொங்க முடியாமல் மூழ்கி மூச்சடைத்துப் போகிறது. ஒப்பீட்டுக் கிண்ணத்தில் இருபது விழுக்காட்டுக்கு மேல் இறப்பு இருந்தால் அந்தச் சோதனையையே தள்ளிவிட வேண்டும் என்பது விதி. எண்ணெய் கொன்றதா, சோப்புக் கொன்றதா என்று பிரிக்க வழியில்லை. வீட்டுக் குறிப்புகள் பலவற்றில் எண்ணெயோடு ஷாம்பூவோ சோப்புத் தூளோ சேர்க்கச் சொல்கிறார்கள். அங்கே பலன் கிடைத்தால் அந்தப் பெருமை எண்ணெய்க்கு மட்டும் உரியதா என்று கேட்க வேண்டும்.

இரண்டாம் சுற்றுக்கு, சோப்பும் அழகுசாதனப் பொருள்களும் செய்பவர்கள் எண்ணெயை நீரோடு கலக்கப் பயன்படுத்தும் பாலிசார்பேட் 80 வாங்கினேன். எண்ணெய் 0.1 மில்லிலிட்டர், பாலிசார்பேட் 0.1 மில்லிலிட்டர், மீதி நீர் என்று மொத்தம் பத்து மில்லிலிட்டர் ஆக்கிக் குலுக்கினால் பால்போல வெளுத்த ஒரு விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும். இதில் ஒரு மில்லிலிட்டரை எடுத்து 99 மில்லிலிட்டர் நீரில் சேர்த்தால் 100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு நீரில் நூறு பங்கு எண்ணெய். அரை மில்லிலிட்டர் என்றால் 50. கால் என்றால் 25. பாலிசார்பேட் மட்டும் அதே அளவில் சேர்த்த கிண்ணங்கள் ஒப்பீட்டுக்கு. இந்தச் சுற்றின் தொடக்கத்திலும் ஒரு தவறு செய்தேன். விழாக்களில் பயன்படுத்தும் தெளிவான பிளாஸ்டிக் டம்ளரில் தூய ஓம எண்ணெயை ஊற்றி வைத்தேன். சில நிமிடங்களில் டம்ளரின் அடி வெளுத்து, நூல் நூலாக விரிசல் விட்டு, மேசையில் ஒழுகிவிட்டது. அந்த வகைப் பிளாஸ்டிக்கும் தெர்மாகோலும் ஒரே பொருளால் ஆனவை. இந்த எண்ணெய்கள் அவற்றைக் கரைத்துவிடும். அதன் பிறகு கண்ணாடியைத் தவிர எதையும் பயன்படுத்தவில்லை.

24 மணி நேரம் கழித்து ஒவ்வொரு புழுவையும் ஊசி முனையால் தொட்டுப் பார்த்தேன். தொட்டும் அசையாதது இறந்தது; அசைந்தாலும் மேலே எழும்ப முடியாமல் கிடப்பதையும் இறப்பில் சேர்ப்பதே முறை. ஒப்பீட்டுக் கிண்ணங்களில் நாற்பதில் ஒன்று மட்டுமே இறந்திருந்தது. ஓம எண்ணெய் 100 பிபிஎம்மில் நாற்பதும் இறந்தன, 50-இல் 31, 25-இல் 9. எலுமிச்சைப்புல் எண்ணெய் 100-இல் 34, 50-இல் 15. யூகலிப்டஸ் 100-இல் வெறும் மூன்று. நம்ப முடியாமல் யூகலிப்டஸை 400 பிபிஎம்முக்கு ஏற்றிப் பார்த்தேன். அப்போதும் பாதியைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். அதன் முக்கியப் பொருளான சினியோல், மூக்குக்குக் காரமாக இருக்கிறதே தவிர இந்தப் புழுக்களிடம் அவ்வளவாக எடுபடவில்லை. நம் வீடுகளில் அதிகம் புழங்குவதும், எல்லோரும் எனக்குப் பரிந்துரைத்ததும் அந்த எண்ணெய்தான் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. ஏனென்றால் நான்கு சொட்டு விட்டுவிட்டோம் என்ற நிம்மதியில் நீரைக் கொட்டாமல் விட்டுவிடுவார்கள்.

ஓம எண்ணெயில் புழு இறக்கும் விதத்தை அருகில் அமர்ந்து பார்த்தேன். முதல் ஐந்து நிமிடங்களில் வழக்கத்தைவிட வேகமாக மேலும் கீழும் ஓடுகின்றன. பிறகு உடலை வளைத்துத் தம் வால்பகுதியையே வாயால் கவ்வுவதுபோலச் சுழல்கின்றன. அரை மணி நேரத்தில் பல புழுக்கள் அடியில் பக்கவாட்டில் விழுந்து துடித்தன. மேற்பரப்பை எட்டும் வலு அவற்றுக்கு இல்லை. கூட்டுப்புழுக்கள் மட்டும் வேறு. தலை பெருத்து, காற்புள்ளிபோல வளைந்திருக்கும் அந்தப் பருவத்தில் அவை எதையும் உண்பதில்லை, மேல்தோலும் தடித்திருக்கிறது. ஓம எண்ணெய் 100 பிபிஎம்மில் விட்ட பத்துக் கூட்டுப்புழுக்களில் ஏழு, இரண்டு நாட்களுக்குள் கொசுவாகி வலைத்துணியில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆக, குழியில் கூட்டுப்புழுக்கள் தென்படத் தொடங்கிய பின் எண்ணெய் விடுவது காலம் கடந்த வேலை.

எத்தனை நாள் நிற்கும் என்ற கேள்விதான் மிஞ்சியது. 100 பிபிஎம் ஓமக் கரைசலைத் திறந்த கிண்ணங்களில் கொல்லைப்புற நிழலில் வைத்து, ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் பழகிய நீரில் புதிய புழுக்களை விட்டேன். ஒரு நாள் பழகியதில் இருபதில் பன்னிரண்டு இறந்தன. இரண்டு நாள் பழகியதில் மூன்று. மூன்றாம் நாள் நீர் வெறும் நீராகிவிட்டது. ஓம வாசனை மட்டும் லேசாக மிஞ்சியிருந்தது. ஏடிஸ் முட்டைகளோ நீருக்குள் இல்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் நீர் ஏறித் தொட்டதும் பொரிக்கின்றன. ஆட்டுரலை நான் துணியால் துடைத்த பிறகும் ஒரே வாரத்தில் புழு வந்த காரணம் அப்போதுதான் விளங்கியது. நான் நீரைத்தான் எடுத்தேன். கல்லின் சொரசொரப்பில் ஒட்டியிருந்த முட்டைகளை எடுக்கவில்லை.

இப்போது அந்த நான்கு மில்லிலிட்டருக்கு வருகிறேன். எங்கள் தெருவில் தினமும் குழாய்த் தண்ணீர் வருவதில்லை. வீட்டுக்கு வீடு இருநூறு லிட்டர் டிரம் உண்டு. அதில் 100 பிபிஎம் கொண்டுவர இருபது மில்லிலிட்டர் ஓம எண்ணெய் வேண்டும். என் குக்கரில் அதை வடிக்க ஒன்றேகால் கிலோ ஓமமும், ஐந்து முறை இரண்டு மணி நேர எரிவாயுவும் தேவை. அதுவும் இரண்டு நாளைக்குத்தான். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் போடும் டெமிஃபாஸ் குருணை, ஒரு விழுக்காட்டு வகை என்றால், அதே டிரம்முக்கு இருபது கிராம் போதும், வாரக்கணக்கில் நிற்கும். அந்த மருந்தை விரும்பாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற நுண்ணுயிர் 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டறியப்பட்டது; நமக்கு அருகில் புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் அதன் ஒரு வகையைப் பிரித்து உருவாக்கியிருக்கிறது. புழு அதைத் தின்றதும் அதன் நச்சுப் படிகம் குடலில் கரைந்து கொல்கிறது. மீனுக்கும் மனிதருக்கும் தீங்கில்லை. செடியெண்ணெய் இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்று கொள்வதும் சரியன்று. கிராம்பு எண்ணெயை மீன்களை மயக்கவே பயன்படுத்துகிறார்கள். தைமால் தோலில் பட்டால் எரியும். பூனைகளுக்கு இந்த எண்ணெய்கள் பலவும் ஆகாது. ஆகவே குடிநீரிலும், மீனோ தவளைக் குஞ்சோ தும்பியின் குஞ்சோ இருக்கும் நீரிலும் நான் ஒரு சொட்டுக்கூட விடமாட்டேன். டிரம்முக்கு வாரம் ஒருமுறை நீரைத் தீர்த்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, வாயில் வேட்டித் துணி கட்டுவதற்கு ஈடாக எதையும் என்னால் காட்ட முடியவில்லை.

ஓம எண்ணெய்க்கு எங்கள் வீட்டில் ஓர் இடம் மட்டும் கிடைத்தது. சமையலறையில் பாட்டியின் கனத்த மரப் பீரோ இருக்கிறது. எறும்பு ஏறாமலிருக்க அதன் நான்கு கால்களும் நீர்க் கிண்ணங்களில் நிற்கின்றன. பீரோவைத் தூக்காமல் கிண்ணங்களைக் கழுவ முடியாது. ஒரு கிண்ணத்தில் ஏடிஸ் புழுக்களைக் கண்டபோது, கொல்லையைத் தேடிய நான் அடுப்படியைத் தேடவில்லையே என்று மனம் பதைத்தது. ஒவ்வொரு கிண்ணத்திலும் 150 மில்லிலிட்டர் நீர். ஒரு விழுக்காட்டுக் கரைசலில் ஒன்றரை மில்லிலிட்டர் விட்டால் 100 பிபிஎம். மழைக்காலத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாள், விளக்கேற்றும் நேரத்தில் சிரிஞ்சால் விட்டுவிடுகிறேன். நான்கு கிண்ணங்களுக்கும் சேர்த்து ஒரு முறைக்குச் செலவாகும் தூய எண்ணெய் 0.06 மில்லிலிட்டர், ஒரு முறை வடித்த நான்கு மில்லிலிட்டர் ஏறக்குறைய நான்கு மாதங்களுக்கு வரும். கரைசலை மட்டும் வாரத்துக்கு ஒருமுறை புதிதாகக் கலக்கிறேன். பழையதில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கிறது.

ஆட்டுரலுக்கு நான் சோதித்த எதுவும் தேவைப்படவில்லை. நான் கிண்ணங்களை வரிசையாக அடுக்கி எண்ணிக்கொண்டிருந்த நாட்களிலேயே அம்மா, "அதுல மண்ணைப் போட்டு மூடுறதை விட்டுட்டு ஏம்ப்பா இவ்வளவு பாடுபடுற" என்று கேட்டார். முட்டைகளின் கணக்குத் தெரிந்த பிறகு அவர் சொன்னதையே செய்தேன். கம்பித் தூரிகையால் குழியின் உட்புறத்தை விளிம்பு வரை தேய்த்து, கொதிநீர் ஊற்றி, ஆற்று மணலை நிரப்பி இறுக்கி, மேலே நீர் நிற்காதபடி நடு உயர்ந்து ஓரம் சரியும் வண்ணம் சிமெண்ட் பூசினேன். அதன்மேல் அம்மா கற்பூரவல்லித் தொட்டியை வைத்திருக்கிறார், அடியில் தட்டு இல்லாமல்.